கந்தூத் பெட்ரோல் நிலையம், வெள்ளிக்கிழமை

ஆகஸ்டில் இங்கே கார்க் கண்ணாடி
வெளிப்புறம் வியர்க்கும்.
உள்ளே இருபத்திரண்டு டிகிரி,
வெளியே, மாலை ஏழுக்கும், முப்பத்தெட்டு.
தன்விகா இறங்கிப் போய்
ஈரத்தில் விரல் வைத்து
இரண்டு வட்டம் போடுகிறாள்.
நான் உள்ளிருந்து பார்க்கிறேன்,
இடவலம் மாறி.

"ரெண்டு சூரியன் இருந்தா
நடுவுல ஒரு பூமி இருக்க முடியுமாம்மா?"
காதில் விழுந்தது பாதி, வாயசைவு பாதி.

பதில் அவளுக்கே தெரியும். என்னைச் சோதிக்கிறாள்.
சூரியன்கள் நெருங்கிச் சுற்றினால்
அவற்றின் இடைவெளியைப் போல்
மூன்று நான்கு மடங்கு தள்ளி நின்று
இரண்டையும் சுற்றலாம்.
இல்லையா, ஒன்றை ஒட்டியே கிடக்கலாம்,
மற்றது ஐந்து மடங்காவது அப்பால் இருந்தால்.
இடையில் மாட்டிக்கொண்டால்
என்றைக்காவது தூக்கி எறியப்படும்.
எறிந்தது எது என்று கேட்கக்கூடாது.
இரண்டும் இழுக்கத்தான் செய்தன.

எனக்குக் கல்யாணம் பகல் பதினொன்றரைக்கு.
மண்டபத்து வாசலில் ஐயர் மேலே கை காட்டி
அருந்ததி தெரிகிறதா என்றார்.
கண் கூச, குணசீலனும் நானும்
தெரிகிறது என்றோம்.
சேர்ந்து சொன்ன முதல் பொய்.
அங்கே இருப்பது இரண்டில்லையாம்,
வசிட்டனில் நான்கு, அருந்ததியில் இரண்டு,
ஆக ஆறு.
போன வாரம் இவள்தான் சொன்னாள்.
கூட்டுக் குடும்பம் என்றேன்.
சிரிக்கவில்லை.

ஷார்ஜா, அல் நஹ்தா. ஒற்றைப் படுக்கையறை.
கட்டிலுக்கும் சோஃபாவுக்கும் ஒன்பதடி.
அந்த ஒன்பதடிக்குள் நாலு வருடம் சுற்றினாள்.
'ப' என்றால் திக்கும்,
ப்ப்பால், ப்ப்போதும்.
இப்போது எங்களுக்குள் தொண்ணூறு கிலோமீட்டர்.
பாலும் போதும்
ஒரே மூச்சில் வருகின்றன.
இதை எந்தக் கோர்ட்டிலும் நான் சொல்லவில்லை.

வாழத்தக்கது என்பதற்கு
அவள் டேப்லெட்டில் ஒரே நிபந்தனை:
தண்ணீர் தண்ணீராக இருக்க வேண்டும்,
உறையாமல், ஆவியாகாமல்.
தவீலா ஆலையில் எனக்குச் சம்பளம் அதற்குத்தான்.
கடல் உள்ளே வரும்,
உப்பைக் கழித்து, அளந்து, கையெழுத்துப் போட்டு
ஊருக்கு அனுப்புவோம்.
அப்படியும் குழாயில் வருவது கையைச் சுடும்.
ஒரு சூரியனுக்கே இந்தப் பாடு.
எங்கிருந்தோ தொலைநோக்கியில் யாராவது பார்த்திருந்தால்
இந்தக் கரையில் குடியிருக்க வழியில்லை என்று
எழுதிவைத்துவிட்டு
அடுத்ததற்குப் போயிருப்பார்கள்.

வெள்ளை நிசான் வந்துவிட்டது.
காற்றடிக்கும் மெஷின் பக்கம் நிற்கிறது.
எப்போதும் நாலு பம்ப் தள்ளித்தான் நிறுத்துவார்.
நானும் இறங்குவதில்லை.

பையை மாட்டிக்கொண்டு பாதி தூரம் போனவள்
திரும்பி வந்து,
வட்டங்களைத் தாண்டி, கண்ணாடியின் கீழ் மூலையில்
ஒரு புள்ளி வைத்தாள்.
"இருக்கலாம்மா.
ராத்திரி மட்டும் தினமும் வராது.
அவ்ளோதான்."

கணக்குப் போடுகிறவர்கள்
கோடி வருடம் ஓட்டிப் பார்த்த பிறகே
நிலைத்த பாதை என்று ஒப்புக்கொள்வார்களாம்.
எனக்கு எட்டு வருடம் போதும்.
அதற்குப் பிறகு அவளே ஒரு நட்சத்திரமோ என்னவோ,
யாரைச் சுற்றினாலும் சுற்றாவிட்டாலும்
அவள் இஷ்டம்.

நெடுஞ்சாலையில் வேகம் நூறைத் தொட்டதும்
வட்டங்கள் காற்றில் இழுபட்டு வழிந்தன.
அவள் வைத்த புள்ளி எது, வெறும் துளி எது,
தவீலா திருப்பம் வரைக்கும் பிடிபடவில்லை.
பின்சீட்டில் ஏதோ உருண்டுகொண்டே வந்தது.
சிக்னலில் திரும்பிப் பார்த்தேன்.
அவள் தண்ணீர் பாட்டில்.

சரி.
அவர் வீட்டிலும் இருக்கும் தண்ணீர்.